முப்பத்தெட்டு மடிகள்

சாவ் ஜோர்ஜ் தீவில் ஆட்களைவிட மாடுகள் அதிகம்.
விடியுமுன் பால் டேங்கர்
எங்கள் மேட்டில் முக்கி முனகி ஏறும்போது
நான் விழித்துத்தான் இருப்பேன்.
ஒரு கையில் ஒதீலியா, பிறந்து ஒன்பது நாள்.
மறு கையில் பென்சில்.

ஈர டயபருக்கு ஒரு கோடு.
மலத்துக்கு ஒரு வட்டம்.
நேற்று கோடு நான்கு. வட்டம் இல்லை.
பிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதம்
கடன் கொடுத்தவன்போல் என்னைப் பார்க்கிறது.

கீழே தொழுவத்தில் முப்பத்தெட்டு மடிகள்.
கனத்து, நரம்போடி, காம்பு சொட்டி
வரிசையில் நின்று கத்துகின்றன,
சீக்கிரம் வந்து எடுத்துக்கொள் என்று.
மேலே ஒரே ஒரு மடி.
அதில் கிடப்பவள்
கவ்வுகிறாள், இழுக்கிறாள், விடுகிறாள்,
பிறகு முகம் சுளித்து
கடைக்காரனிடம் சண்டைக்கு வந்தவள்போல்
வீறிடுகிறாள்.

பிறந்தபோது மூவாயிரத்து இருநூறு கிராம்.
திங்களன்று இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
முந்நூற்றுப் பத்து கிராம்:
எங்கள் பாலாடைக்கட்டியில் ஒரு நல்ல துண்டு.
அவ்வளவு என் பிள்ளை
எங்கே போனாள்?

மாமியார் கோழிச்சாறு அனுப்பினார்.
எதிர்வீட்டு இதலீனா சோம்புக் கஷாயம்.
கோயில் படியில் ஒருத்தி என் மார்பைப் பார்த்து
"சின்னதுதானே" என்றாள்,
மழை வரும் என்று சொல்வதுபோல.
எல்லாவற்றையும் குடித்தேன்.
அதையும் விழுங்கினேன்.

செவிலி ஸுல்மீரா வேலாஸிலிருந்து
வளைவுச் சாலையில் வந்திறங்கி
முதலில் கை கழுவ இடம் கேட்டாள்.
பிள்ளையின் கீழுதட்டை விரலால் வெளியே மடித்தாள்.
"நுனியை மட்டும் பிடிக்கிறாள். வாய் நிறையக் கொடு.
தாடை முதலில் படட்டும்."
இரண்டு மணிக்கொருமுறை, இரவிலும், இரண்டு பக்கமும்.
அதற்குப் பிறகு சிரிஞ்சில் இருபது மில்லி மாவுப்பால்.
கவலைப்படாதே என்று அவள் சொல்லவில்லை.
அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது.

அன்று மாலை பெல்மீரு
பூட்ஸைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.
"மலகேத்தாவை ஞாபகம் இருக்கா?
தலையீத்து. மூணு நாள் ஒரு சொட்டு விடலை.
மிஷினை மாட்டினா பாலை ஒளிச்சுக்கும்.
நாய் குரைச்சுது, நான் கத்தினேன், அவ்வளவுதான்."
பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து
காது சிவந்தான்.
"உன்னை மாடுன்னு சொல்லலை."
நான் சிரித்தேன்.
ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. தையல் சுருக்கென்றது.

அவன் காகிதத்தைக் கதவிலிருந்து பிய்த்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
"இனிமே கோடு நான் போடறேன்."

இரவு கடலிலிருந்து பனி ஏறி
சன்னலில் எதிர்த் தீவு இல்லாமல் போனது.
எத்தனை மணி என்று பார்க்கவில்லை.
அவள் இடப்பக்கம் குடிக்க
வலப்பக்கம் சட்டை ஈரம்.
வியர்வையோ என்று விரலில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இனிப்பு.
யாரும் இல்லாத அறையில் வெட்கப்பட்டேன்.
அவள் தொண்டையில் ஒரு மிடறு இறங்கும் ஓசை,
நத்தை ஓடு உடைவதுபோல அத்தனை சின்னது.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வியாழன்: நாற்பது கிராம் கூடியிருக்கிறாள்.
"போதாது" என்றாள் ஸுல்மீரா. "ஆனாலும் மேலே போகிறது."
சிரிஞ்சு இன்னும் ஒரு வாரம்.

சாயங்காலம் பிள்ளையைத் தோளில் போட்டபடி
தொழுவம்வரை நடந்தேன்.
ஆணியில் தொங்கும் பதிவேடு,
பக்க ஓரத்தில் சாணிக் கட்டைவிரல்.
முப்பத்தெட்டுப் பெயர், முப்பத்தெட்டு அளவு.
மலகேத்தா, இருபத்திரண்டு லிட்டர்.
அதற்குக் கீழே அவன் கோணல் எழுத்தில்
முப்பத்தொன்பதாவதாக
ஒதீலியா: கோடு ஆறு, வட்டம் இரண்டு.
லிட்டர் கட்டத்தை
வெறுமனே விட்டிருந்தான்.